பிறர் கடிதமும் நமது கடமையும்

(இரணைமடுவில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் மேடையில் ஏறுகின்றவன் சமயத்தைப் பற்றிப் பேசுவான் எனப் பெரியோர் எதிர்பார்ப்பர். சினிமாவைப் பற்றிப் பேசினால் நன்று என வாலிபர் எண்ணுவர். இரு சாராரையும் மனங்கோணச் செய்யாதவாறு இன்று இரண்டையும் ஒன்றாகவே பேசத் துணிந்துள்ளேன். ஒரு பெரிய சினிமாக் கொம்பனிக்கு நேர்ந்த களவு ஒன்றையும், அக்களவினால் வந்த விளைவுகளையும் முதலில் சொல்லி, பின்னர் அதனால் நமக்கு வரும் கடமை யாதென்பதை ஆராய்வோம்.

அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தில் கல்வர் சிற்றி என்னும் நகரில் சோனி பிக்சர்ஸ் என்னும் படநிறுவனம் இருக்கின்றது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, திங்கட்கிழமை காலை, அங்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் கணினிகளைத் திறந்தார்கள். திரையிலே செந்நிற எலும்புக்கூட்டின் படமும் ஓர் எச்சரிக்கையும் தோன்றின. தங்களை ‘சமாதானத்தின் காவலர்’ என்று அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தார், நிறுவனத்தின் இரகசியங்கள் யாவும் தம் கையில் உள்ளன என்று அதிலே எழுதியிருந்தனர். சமாதானத்தின் பெயரைச் சூடிக்கொண்டு கன்னமிட வந்தவர்கள் அவர்கள். மூன்று நாட்களுக்கு முன்னரே பணம் கேட்டு அந்நிறுவனத்தின் மேலாளர்க்கு ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. ஆனால் அதனைப் பொருட்படுத்தினார் இல்லை.

வந்தவர்கள் களவாடியதோடு நில்லாது, கணினிகளில் இருந்தவற்றை அழித்தும் விட்டனர். கோடிக்கணக்கில் பணம் புரளும் அந்நிறுவனத்தில் மின்னஞ்சல் நின்றது. கைவிடப்பட்டிருந்த பழைய கைத்தொலைபேசிகளைத் தேடி எடுத்தார்கள். சம்பளத்தைக் கையாலே காசோலை எழுதிக் கொடுத்தார்கள். நாகரிகத்தின் உச்சியில் நின்றவர்கள் ஒரே காலையில் கடதாசிக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள்.

அடுத்த நாட்களில் களவாடப்பட்டவை ஒவ்வொன்றாக இணையத்தில் கொட்டப்பட்டன. ‘அனி’ முதலிய, அப்போது திரைக்கு வராத படங்கள் வெளிவந்தன. நிறுவனத்தின் இந்நாள் ஊழியர், முன்னாள் ஊழியர் என 47,000 பேரளவிலானோரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் வெளிவந்தன. நமது நாட்டின் அடையாள அட்டை எண்ணைப் போன்றது அஃது. அதனைக் கொண்டு அந்நாட்டிலே ஒருவர் பெயரில் மற்றொருவர் கடன் வாங்கலாம். சம்பளப் பட்டியல்கள் வந்தன. சிலரது நோய் விபரங்களும் வந்தன. மேலதிகாரிகள் தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்களும் வந்தன.

இதற்கெல்லாம் காரணம் யாது? ‘த இன்டர்வியூ’ என்னும் நகைச்சுவைப் படமொன்றை அந்நிறுவனம் எடுத்திருந்தது. வடகொரியாவின் தலைவர் கிம் ஜோங் உன்னைக் கொல்லச் செல்வதாக அமைந்த கதை அது. உயிரோடு இருக்கும் ஒரு நாட்டுத் தலைவரைப் பெயர் சொல்லிக் கொல்வதாகக் கதை புனைவது நல்ல ரசனையா என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே. வடகொரிய அரசாங்கம் 2014 யூன் மாதத்திலேயே அதனைக் கடுமையாகக் கண்டித்தது. டிசம்பர் 16ஆந் திகதி, அப்படத்தைக் காட்டும் தியேட்டர்களுக்கு 2001 செப்டெம்பர் 11ஐ நினைவூட்டி மிரட்டல் வந்தது. பெரிய தியேட்டர்க் கொம்பனிகள் பின்வாங்கின. மறுநாளே நத்தார் தினத்து வெளியீட்டை நிறுவனம் கைவிட்டது.

டிசம்பர் 19ஆந் திகதி அமெரிக்கப் புலனாய்வுத் திணைக்களமான எஃப்.பி.ஐ., இச்செயலின் பின்னால் வடகொரிய அரசாங்கம் உள்ளது என்று அறிவித்தது. வடகொரியா அதனை மறுத்தது. கணினி நிபுணர் சிலரும் அந்நாளில் ஐயம் தெரிவித்தனர். அதே தினத்தில் ஜனாதிபதி ஒபாமா, படத்தை நிறுத்தியது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். பெரிய தியேட்டர்கள் அஞ்சி ஒதுங்கிய படத்தை, முந்நூறுக்கு மேற்பட்ட சிறிய, தனியார் தியேட்டர்கள் நத்தார் தினத்தன்று காட்ட முன்வந்தன. இணையத்திலும் அது வெளியாயிற்று. அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை. படம் சிறந்த படமன்று என்பதே பலரின் அபிப்பிராயம்; ஆனால் மிரட்டியவனுடைய பலம், அஞ்சுகிறவன் தனித்து நிற்பதில்தான் இருக்கிறது என்பதை அச்சிறு தியேட்டர்க்காரர்கள் காட்டிவிட்டார்கள். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னர் திரும்பி வருவேன்.

விளைவுகள் அத்தோடு முடியவில்லை. 2015 சனவரியில் அமெரிக்கா வடகொரியாவின்மேல் புதிய தடைகளை விதித்தது. பெப்ரவரியில், நிறுவனத்தின் தலைமைப் பதவியில் இருந்த ஏமி பாஸ்கல் அம்மையார் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதி ஒபாமாவைப் பற்றி அவர் தனிப்பட எழுதிய, நிறவேற்றுமை தொனிக்கும் கேலி மொழிகள் வெளிவந்து, அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்திருந்தது. ஏப்ரிலில் விக்கிலீக்ஸ் என்னும் தளம் 30,000க்கு மேற்பட்ட ஆவணங்களையும் 170,000க்கு மேற்பட்ட மின்னஞ்சல்களையும் யாரும் தேடிப் பார்க்கத்தக்கதாக அடுக்கி வைத்தது. ஊழியர்கள் தங்கள் விபரங்களைக் காக்கத் தவறியதற்காக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அது 8 மில்லியன் டொலர் வரையிலான இணக்கத்தில் முடிந்தது.

அன்பர்களே, ‘இஃது எங்கோ அமெரிக்காவில் நடந்தது, குளத்து நீரை நம்பிக் கமம் செய்யும் நமக்கு இதனால் என்ன?’ என்று ஒருவர் வினவலாம். சொல்லுகிறேன். 2018 செப்டெம்பரில் அமெரிக்க நீதித் திணைக்களம் பார்க் ஜின் ஹியோக் என்னும் வடகொரியர் ஒருவர்மீது குற்றச்சாட்டை வெளியிட்டது. சோனி நிறுவனத்தைத் தாக்கிய அதே கூட்டம், 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தையும் கொள்ளையிட்டது என்பது அக்குற்றச்சாட்டு. நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டொலர் அளவு பணத்தைக் கவர முயன்றார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய் மறைந்தது. இன்னும் 2 கோடி டொலர் எங்கே அனுப்பப்பட்டது தெரியுமா? நமது இலங்கைக்கு! இங்குள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அது அனுப்பப்பட்டது. அனுப்பியவர்கள் அப்பெயரில் உள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதிவிட்டனர். வழியிலிருந்த வங்கியில் ஒருவர் அந்த எழுத்துப் பிழையைக் கண்டு விளக்கம் கேட்டார், பணம் நின்றது. எழுத்துப் பிழையைக் கவனிக்கும் கண் 2 கோடி டொலரைக் காத்தது என்றால், ‘சொல்வதெழுதல்’ பாடத்தைச் சலிப்போடு எழுதும் நம் மாணவர்கள் இனி உற்சாகமாக எழுதலாம் அன்றோ?

கடல்கடந்த கள்வரை விட்டுவிடுவோம். 2023 ஓகஸ்ட் மாதத்தில் நமது அரசாங்கத்தின் கணினிச் சேமிப்பகம் தாக்கப்பட்டது. 5,000 அளவான அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் அதில் அகப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப் பெற இயலாமற் போயின. அக்காலத்துக்கு மறுபிரதி எடுத்து வைக்கப்படவில்லை. பாவனையில் இருந்த மென்பொருளும் காலங்கடந்தது. இனி, 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதி குறித்து முறைப்பாடு எழுதி வைத்தார்கள். கைது செய்யப்பட்டவர்களுள் ஒருவன் 17 வயதுப் பாடசாலை மாணவன். கெட்டித்தனம் இருந்தது, அதனை எங்கே செலுத்துவதென்ற விவேகம் இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நாட்டில் இருக்கின்றது. அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைதல் அதன்படி குற்றம். சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட தரவென்று அறிந்தும் அதனைப் பெறுதல், வைத்திருத்தல், பிரதி செய்தல் ஆகியனவும் குற்றமே. இப்பின்னைய விடயத்தை அறிந்தவர் மிகச் சிலர்.

கள்வர் எவ்வாறு உள்ளே நுழைகின்றனர்? மதிலை இடித்தன்று. சோனி நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்கு, பேஸ்புக், கூகிள் போன்ற நம்பத்தக்க நிறுவனங்களிலிருந்து வருபவைபோல வேடமிட்ட மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன என்று மேற்சொன்ன குற்றச்சாட்டில் விபரிக்கப்பட்டுள்ளது. இதைக் கேட்டவுடன் சைவப் பிள்ளைகளாகிய உங்களுக்கு ஒரு சரித்திரம் நினைவுக்கு வரவேண்டும். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் சரித்திரம் அது.

திருக்கோவலூரில் அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரிலே வெல்ல மாட்டாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, கையிலே ஏட்டுக் கட்டொன்றை ஏந்தி வந்தான். அக்கட்டுக்குள் இருந்தது கத்தி. வாயில்காவலர் எல்லோரும் வேடத்தைக் கண்டு வழிவிட்டார்கள். உள்வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, ‘அரசர் துயில்கின்றார், சமயம் அறிந்து செல்லவேண்டும்’ என்று தடுத்தான். வந்தவனோ தாமதிக்க இடங்கொடாமல் உள்ளே புகுந்தான். வேறெங்கும் கிடையாத ஆகமம் தன்னிடம் உண்டென்றான். அரசியாரை அப்புறம் போகச் செய்தான். ஏட்டுக் கட்டை அவிழ்ப்பவன்போல் அவிழ்த்துத் தான் நினைத்ததை முடித்தான்.

இன்று உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் வஞ்சகக் கடிதத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். முதலாவது, மரியாதைக்குரிய வேடம்: வங்கி, தபாற் கந்தோர், பரீட்சைத் திணைக்களம் என்று பெயர் சூடி வரும். இரண்டாவது, அவசரம்: ‘இன்றே செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்’ என்று சொல்லும். மூன்றாவது, வேறெங்கும் கிடையாத பொருள்: பரிசு, வெளிநாட்டு வேலை, புலமைப்பரிசில் என்று ஆசை காட்டும். நான்காவது, தனிமை: ‘வேறெவருக்கும் சொல்லாதே’ என்னும். ஐந்தாவது, கட்டை அவிழ்க்கும்படி கேட்கும். கால மாற்றத்தால் ஏட்டுக் கட்டு இணைப்பாக மாறியதே தவிர, முத்தநாதன் மாறவில்லை.

நாயனார் வேடத்தை மெய்யென வணங்கிச் சிவபதம் அடைந்தார். அது அவரது அன்பின் பெருமை. தன்னைக் குத்தியவனைக் கொல்லவந்த தத்தனையும் தடுத்து, அவனைப் பத்திரமாக ஊரெல்லை கடத்திவிடும்படி ஆணையிட்ட பெருமனம் அது. நாம் நாயனார் அல்லர். நமக்கு உகந்தது தத்தனின் தொண்டு. வாயிலில் நின்று, ‘சற்றுப் பொறும், கேட்டு அறிந்து விடுகிறேன்’ என்று சொல்லும் தொண்டு அது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சோனி விவகாரத்தில் முதற் குற்றம் செய்தவர் களவெடுத்தவர். அவர் சிலரே. இரண்டாங் குற்றம் செய்தவர் எண்ணிறந்தோர். களவெடுத்த கடிதங்களை வாசித்துச் சிரித்தவர்கள், பத்திரிகைகளில் துண்டு துண்டாகப் பிரசுரித்தவர்கள், நண்பருக்கு அனுப்பியவர்கள் ஆகியோரே அவர்கள். பெரிய அதிகாரி ஒருவரின் கேலி வெளிவந்தது, சரி. ஆனால் அதே குவியலில் ஓர் எழுதுவினைஞரின் பிள்ளையினது நோய் விபரமும் கிடந்தால், அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார்?

இங்கே நேர்மையுடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கடிதங்களால் ஓர் உண்மையும் வெளிப்பட்டது. ஒரே படத்தில் நடித்த நடிகையருக்கு நடிகரிலும் குறைந்த பங்கு வழங்கப்பட்டமை தெரியவந்தது. நடிகை ஜெனிஃபர் லோரன்ஸ் 2015இல் அதுபற்றிப் பகிரங்கமாக எழுதினார். ‘ஆகவே களவினால் நன்மையும் விளைந்ததே’ என வாதிப்போர் உளர். உண்மையை மறைப்பவரிடமிருந்து அதனை வெளிக்கொணர்தல் நியாயமான வேட்கை. இந்த வன்னி மண்ணிலே, காணாமற்போன தம் உறவினரைப் பற்றிய உண்மையைக் கேட்டு வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்த தாய்மாரை அறிந்த நாம் அதனை மறுக்க மாட்டோம். ஆனால் அத்தாய்மார் முகத்தை மறைக்கவில்லை. தம் பெயரோடு, வெளிச்சத்தில் இருந்து கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும், விண்ணப்பதாரி கையொப்பமிட்டுக் கேட்பதற்கு வழி தருகின்றது. நியாயம் கேட்பவன் தேவையானதை எடுத்துத் தேவையற்றதை மூடுவான். முகமூடியணிந்து எல்லோர் வீட்டுப் பெட்டகத்தையும் தெருவிலே கவிழ்ப்பவன் நியாயம் கேட்பவன் அல்லன்.

அன்பர்களே, பெட்டகம் இழத்தல் என்றால் என்னவென்று நம்மிலும் நன்கறிந்தவர் யார்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. 2009இல் இப்பக்கத்துச் சனங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகையில் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் படம் என ஒவ்வொன்றாக வழியில் விட்டுச் சென்றார்கள். ஒரு பிரதியைப் பெறக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கின்றீர்கள். ஆதலின், உறுதியையும் சான்றிதழ்களையும் படமெடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்கும்படி வேண்டுகிறேன். ஒரே கைத்தொலைபேசியில் யாவற்றையும் வைப்பது, மறுபிரதியில்லாத அந்த அரசாங்கச் சேமிப்பகத்தைப் போன்றதே.

வாலிபர்களுக்கு நான் சொல்லும் கருமங்கள் நான்கு.

ஒன்று, கடவுச்சொல்லை இடத்துக்கு இடம் வெவ்வேறாக வையுங்கள். சோனி நிறுவனத்தில் கடவுச்சொற்களை ‘கடவுச்சொல்’ என்று பெயரிட்ட அடைவிலேயே எழுதி வைத்திருந்தமை பின்னர் செய்தியாயிற்று. வீட்டுத் திறப்பை வாசற்படியில் வைத்து, ‘திறப்பு’ என்று எழுதி ஒட்டியதற்கு ஒப்பானது அது.

இரண்டு, இரட்டைப் பூட்டுப் போடுங்கள். கடவுச்சொல்லோடு, கைத்தொலைபேசிக்கு வரும் குறியெண்ணும் கேட்கும் ஏற்பாடு இருக்கின்றது. அக்குறியெண்ணை உடன்பிறந்தான் குரலில் கேட்டாலும் கொடாதீர்கள். இரணை என்ற சொல்லைத் தம் ஊர்ப் பெயரிலேயே தாங்கியவர்களுக்கு இரண்டின் பலத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று, பிறர் கடிதம், பிறர் படம் உங்களிடம் வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். பாராதீர்கள், பார்த்துவிட்டால் அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். ‘நான் ஒருவருக்குத்தானே அனுப்பினேன்’ என்பது சாட்டு அன்று. அணைக்கட்டில் எலி போட்ட ஒரு வளையும் ஒன்றுதான். காலபோக மழையில் அதனால் வரும் சேதத்தைக் கமக்காரர் அறிவர். வட்ஸ்அப் குழுவிலே ஒரு பெண்பிள்ளையின் படம் வந்தால், அதனைக் கண்டித்து ஒரு வார்த்தை எழுதும் முதல் ஆள் நமது சங்கத்து வாலிபனாக இருக்கட்டும்.

நான்கு, திறமை உள்ளவர்கள் அத்தொழிலை முறையாகக் கற்று, கணினிகளைக் காக்கும் பக்கத்தில் நில்லுங்கள். உலகெங்கும் அத்தகையோருக்குத் தேவை இருக்கின்றது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம், குறையாக எண்ணாதீர்கள். ஒரு பிள்ளையின் தனிப்பட்ட படம் ஒருவன் கையில் அகப்பட்டு, ‘பணம் தா, சொன்னபடி செய், இல்லையேல் ஊருக்குக் காட்டுவேன்’ என்று அவன் மிரட்டுகிறான் என வைத்துக்கொள்வோம். அவனுடைய பலம் எது? அப்படமன்று. ‘அப்பா அறிந்தால் அடிப்பார், அம்மா அறிந்தால் பள்ளியை நிறுத்துவார், ஊர் அறிந்தால் பழிக்கும்’ என்று அப்பிள்ளை அஞ்சும் அச்சமே அவன் பலம். அப்பலத்தை அவனுக்குக் கொடுப்பவர்கள் நாம். ‘எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லு, நான் உன் பக்கம்’ என்று இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நேர்ந்தபின் சொல்வதிலும் நேருமுன் சொல்வது நூறு மடங்கு பயன் தரும். பணம் கொடாதீர்கள், வந்த செய்திகளை அழியாது சான்றாக வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள். சிறுவர் ஆயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி எண் இருக்கின்றது. மிரட்டியவன்முன் பெரிய தியேட்டர்கள் தனித்தனியே அஞ்சின. சிறிய தியேட்டர்கள் சேர்ந்து நின்றன என்று முன்னே சொன்னேன் அல்லவா? ஒரு குடும்பமும் ஒரு சங்கமும் ஒரு பிள்ளையின் பின்னால் அவ்வாறு நின்றால் மிரட்டுகிறவன் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை.

களவு செய்யாமையும், புறங்கூறாமையும், நாவடக்கமும் நமது நூல்கள் தனித்தனியே வகுத்த அறங்கள். இன்று அம்மூன்றும் ஒரு விரல் நுனியில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. ‘அனுப்பு’ என்ற பொத்தானை அமுக்காது விரலை எடுப்பதும் இக்காலத்தில் ஒரு விரதமே. வெள்ளிக்கிழமை விரதம் காப்பவர்கள் இவ்விரதத்தையும் காக்கலாம். இதற்கு நாள் கோள் பார்க்க வேண்டியதில்லை.

இரணைமடுவில் எழுந்தருளியிருக்கும் கனகாம்பிகை அம்பாளின் திருவருள் எல்லோர்க்கும் துணை நிற்பதாக.